ஹோம்வொர்க் செய்யாமல் சூப்பர்ஹீரோ படம் பார்க்கிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், நீங்கள் என்ன தகுதியில் பேசுகிறீர்கள்?

ஒரு தகுதியும் இல்லை. சின்ன வயதில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்ததோடு சரி, அமெரிக்க காமிக்ஸ் ஒன்றைக்கூடக் கையில் எடுத்ததில்லை. அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்குத் துணையாகப் போய்ப் போய்த்தான் இந்தப் படங்கள் எனக்குப் பழகின. அவன் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஜாதகமே சொல்வான், நான் பாப்கார்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் வீட்டிலும் ஆபீஸிலும் "இந்தப் படத்துக்குப் போகலாமா" என்று யாரும் அவனைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள், ஏனென்றால் அவன் எல்லாப் படத்துக்கும் "செம" என்பான். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். கதை கொஞ்சம் கசியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்வெல் படம் பார்க்க முன்னால் வந்ததை எல்லாம் பார்த்திருக்க வேண்டுமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், என் மொத்தப் புகாரும் இதுதான். 2008இல் அயர்ன் மேனில் ஆரம்பித்து 2025 ஜூலையில் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் வரை எண்ணினால் 37 படங்கள். அதற்கு மேல் ஓடிடி தொடர்கள். குரூப் ஒன் சிலபஸ் இதைவிடச் சின்னது என்று தோன்றும்.

2023 நவம்பரில் தி மார்வெல்ஸ் போனோம். மூன்று நாயகிகள். ஒருவரைத் தெரிய 2019இல் வந்த கேப்டன் மார்வெல் பார்த்திருக்க வேண்டும், இன்னொருவரைத் தெரிய வாண்டாவிஷன் தொடர், மூன்றாவது பெண்ணுக்கு மிஸ் மார்வெல் தொடர். நான் இதில் முதலாவதைப் பாதி பார்த்திருந்தேன், அதுவும் டிவியில், விளம்பரங்களுக்கு நடுவே. படம் முழுக்க பையன் என் காதில் "மாமா, இவங்க யாருன்னா..." என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தான், முன் வரிசையில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தெரியாத கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது: யாரோ "நம்ம செங்கல்பட்டு சித்தப்பா மாதிரி" என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரித்து வைக்கிறோம். அந்தப் படம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 20 கோடி டாலர், மார்வெல் படங்களிலேயே அதுதான் குறைவு. நான்கு வருடம் முன்னால் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் எடுத்ததோ 279 கோடி டாலர். பாவம், மார்வெல்ஸ் அவ்வளவு மோசமும் இல்லை, 105 நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். பூனைகள் வருகிற இடத்தில் நானே சிரித்தேன். ஆனால் உள்ளே நுழைய டிக்கெட் மட்டும் போதவில்லையே.

அதனால் என் கணக்கு ஒன்றுதான்: படத்துக்குள்ளேயே எனக்கு ஒருவரைப் பிடிக்க வைத்துவிட வேண்டும், பழைய பாசத்தை நம்பி என்னை உட்கார வைக்கக் கூடாது. அப்படிச் செய்கிற படம் என்றால் ஹோம்வொர்க் இல்லாமலே போகலாம்.

சரி, சூப்பர்மேன் அப்படிப்பட்ட படமா?

ஆமாம். ஜேம்ஸ் கன் இயக்கி 2025 ஜூலையில் வந்தது. முன்பு சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் இல்லை, டேவிட் கோரன்ஸ்வெட் என்று புது ஆள். "ஐயோ, திரும்பவும் அவர் பிறந்த கிரிப்டான் கிரகம் வெடிக்கிறதிலிருந்து ஆரம்பிப்பார்களே" என்று பயந்துதான் போனேன், நல்லவேளை அதெல்லாம் இல்லை. திரையில் நாலு வரி எழுத்து ஓடுகிறது, அப்புறம் ஒருவர் வானத்திலிருந்து பனியில் வந்து தொப்பென்று விழுகிறார், வாயில் ரத்தம், மூச்சு வாங்குகிறது. அவர்தான் சூப்பர்மேன், இப்போதுதான் முதல் தடவையாகத் தோற்றிருக்கிறார். விசில் அடித்து உதவிக்குக் கூப்பிடுகிறார், வருவது ஒரு நாய். அது உதவுவதற்கு முன்னால் அவர் மேலே ஏறிக் குதித்து விளையாடுகிறது, அவர் வலியில் கத்துகிறார். தியேட்டர் அந்த இடத்திலேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. கிரிப்டோ என்கிற அந்த நாயை கன் தன் வீட்டு நாயைப் பார்த்துத்தான் உருவாக்கினாராம், அது நிஜத்திலும் வீட்டை ரெண்டுபண்ணுகிற வகை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு அணில். நகரத்தின் நடுவே மலை மாதிரி ஒரு மிருகம் கட்டடங்களை மிதித்துக்கொண்டிருக்கிறது, அந்த அமளியில் சூப்பர்மேன் பறந்து போய் ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறார். சேதுவில் அணில் ராமருக்கு உதவியது, இங்கே உல்டா. பக்கத்தில் இருந்த ஒருவர் "இதெல்லாம் ஓவர்" என்றார். எனக்கோ, இவர் எப்படிப்பட்ட ஆள் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

குறையும் இருக்கிறது. பாதிக்கு மேல் இன்னொரு பிரபஞ்சம், கருந்துளை, நகரம் இரண்டாகப் பிளப்பது என்று வழக்கமான ரகளைக்குப் போய்விடுகிறது, நாயைத் தவிர வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. ஆனால் பத்திரிகையாளர் லோயிஸ் தன் வீட்டில் உட்கார்ந்து காதலன் சூப்பர்மேனையே பேட்டி எடுக்கிற அந்த நீளமான காட்சி, இரண்டு பேர் வெறுமனே பேசிப் பேசிச் சண்டையில் போய் முடிகிறது, மொத்தப் படத்திலும் உருப்படியான சண்டை அதுதான். இங்கே சென்சாரில் ஒரு முத்தக் காட்சியில் சுமார் 33 விநாடி வெட்டியதாகச் செய்தி வந்தது. படத்தில் ஊரே இடிந்து விழுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம் போல.

ஃபென்டாஸ்டிக் ஃபோர்?

முன்கதை தெரியவே வேண்டாம், அதற்காகவே ஒரு மார்க் கூட. கதை நடப்பது தனியாக வேறொரு பூமியில், 1960களின் பாணியில் பறக்கும் கார், உருண்டை டிவி, குட்டி ரோபோ எல்லாம் இருக்கிற ஊர். அந்த பூமியின் எண் 828. இந்தக் கதாபாத்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் கிர்பியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 28, அதற்கான மரியாதை. பையன் சொன்னான்.

கதையைப் பாட்டி கதையாகவே சொல்லிவிடலாம். கிரகங்களைத் தின்கிற ஒரு பூதம் வருகிறது, "உங்களுக்குப் பிறக்கப்போகிற குழந்தையைக் கொடுங்கள், பூமியை விட்டுவிடுகிறேன்" என்கிறது, பெற்றோர் மாட்டேன் என்கிறார்கள், ஊரே அவர்கள் மேல் கோபப்படுகிறது. பகாசுரனுக்கு வண்டிச் சோறு அனுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரிய எந்த விளக்கமும் தேவையில்லை. நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, கடைசிச் சண்டையை ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி முடித்திருக்கிறார்கள். உடம்பை ரப்பராக நீட்டுகிற ஆளை நீட்டவே விடவில்லை. ஆனால் முடிவில், உலகத்தைக் காப்பாற்றிய நான்கு பேரும் காரில் குழந்தை இருக்கையை மாட்டத் தெரியாமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நிற்பார்கள் பாருங்கள், அதற்குப் போகலாம்.

தண்டர்போல்ட்ஸ் என்று ஒன்று வந்ததே, அதைப் பற்றி யாருமே பேசவில்லையே?

அதுதான் வருத்தம். 2025இல் வந்த மூன்று மார்வெல் படங்களில் எனக்குப் பிடித்தது அதுதான். நாயகி ஃப்ளோரன்ஸ் ப்யூ கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கட்டட உச்சியிலிருந்து குதிக்கிறார், உலகத்திலேயே இரண்டாவது உயரமான கட்டடம், நிஜமாகவே அவரே குதித்திருக்கிறார். குதிக்கும்போது அவர் முகத்தில் பயமும் இல்லை உற்சாகமும் இல்லை, திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் லிஃப்டில் இருக்கிறவர் முகம்தான். அந்த வெறுமைதான் மொத்தப் படமும். வில்லன் என்று தனியாக ஒருவர் இல்லை, பாப் என்கிற ஒரு பையனின் மனச்சோர்வு கறுப்பு நிழலாகக் கிளம்பி நியூயார்க்கை விழுங்குகிறது. அவன் அந்த நிழலை அடிக்க அடிக்க அது இன்னும் பெரிதாகிறது. கடைசியில் மற்றவர்கள் அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் கிளைமாக்ஸ். "இதுக்கா காசு கொடுத்தோம்" என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு வெளியே வந்து பைக் எடுக்கும்வரை பேச்சு வரவில்லை.

இதற்கு ஹோம்வொர்க் தேவையா என்றால், தேவைதான், ஆனால் செய்யாமல் போனாலும் ஃபெயில் ஆக மாட்டீர்கள்.

தமிழ் டப்பிங்கா, ஆங்கிலமா?

யாருடன் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அம்மாவைக் கூட்டிப் போனால் தமிழ், சந்தேகமே வேண்டாம். டெட்பூல் மாதிரி வாய்க்கொழுப்புப் படங்களுக்கும் தமிழ்தான் நல்லது, எழுதுகிறவர்கள் நம்ம ஊர் நக்கலைத் தாராளமாகத் தூவுகிறார்கள், சில இடங்களில் மூலத்தைவிடச் சிரிப்பு அதிகம். ஆனால் பெரிய பெயர்களைப் பேச வைக்கும்போதுதான் சிக்கல். எண்ட்கேம் தமிழில் ஏ.ஆர்.முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். விஜய் சேதுபதியின் குரலில் தப்பே இல்லை, சிக்கலே அது அவர் குரலாகவே இருந்ததுதான். கண்ணை மூடினால் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் போய்விடுகிறார். பல வருடமாகப் பேசிக்கொண்டிருந்த பெயர் தெரியாத டப்பிங் கலைஞரின் குரல்தான் நமக்கு அயர்ன் மேனாகப் பதிந்திருந்தது.

டூன் பார்த்தால் தூக்கம் வருமாமே?

முதல் பாகத்தில் எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. வீட்டில், மடிக்கணினியில், சாப்பிட்டவுடன் பார்த்தேன், தப்பு என் பேரில். 2024இல் இரண்டாம் பாகத்தைப் பெரிய திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது இது கண்ணுக்கு மட்டும் எடுத்த படம் இல்லை, உட்கார்ந்திருக்கிற இருக்கைக்கும் எடுத்த படம் என்று. கதாநாயகன் பால் முதல் தடவை ராட்சத மணல் புழுவின் மேல் ஏறுகிற இடம்: தூரத்தில் மணல் மேடு நகர்கிறது, முதலில் சத்தமே இல்லை, அப்புறம் காலடியில் அதிர்வு, அவன் நிற்கிற மேடே சரிகிறது, திரை முழுக்க மணல், கையில் இரண்டு கொக்கி, எதைப் பிடித்துத் தொங்குகிறான் என்றே தெரியவில்லை. மணல் கொஞ்சம் விலகும்போது நான் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன், பக்கத்து இருக்கைக்காரரின் கை அதற்குள் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

இதற்கு முதல் பாகம் பார்த்திருக்க வேண்டும்தான். ஒரு படம் பார்த்துவிட்டு அதன் தொடர்ச்சிக்குப் போவதை ஹோம்வொர்க் என்று நான் சொல்வதில்லை. 37க்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இடைவேளை விஷயம் மட்டும் எரிச்சல். ஹாலிவுட்காரர்கள் இடைவேளை வைத்து எடுப்பதில்லை, இங்கே நடுவில் எங்கேயோ கத்திரி போடுகிறார்கள். நான் பார்த்த அரங்கில் ஒருவர் வாயைத் திறந்து வசனத்தை ஆரம்பித்தார், விளக்கு எரிந்தது, சமோசா வாங்கி வந்து உட்கார்ந்தபின் மீதியைச் சொன்னார்.

3டி கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

வேண்டாம். அவதார் மட்டும் விதிவிலக்கு, அவர்கள் எடுப்பதே அதற்காகத்தான். மற்றதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருட்டில் இருட்டைப் பார்ப்பதுதான், அதுவும் சில அரங்குகளில் விளக்கின் வெளிச்சமே மங்கல்.

அவதார் மூன்றாம் பாகமான ஃபயர் அண்ட் ஆஷ் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 3 மணி 17 நிமிடம், இடைவேளைக்கு முன் தண்ணீர் குடிக்காதீர்கள். கதை இரண்டாம் பாகத்தையே திருப்பிப் போட்டது மாதிரிதான், ஆனால் சாம்பல் இனத்தின் தலைவியாக வருகிற ஊனா சாப்ளின் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சார்லி சாப்ளினின் பேத்தி அவர்.

இப்போதெல்லாம் கிராஃபிக்ஸ் ஏன் முன்பு மாதிரி இல்லை? காசு குறைந்துவிட்டதா?

காசு பிரச்சினையே இல்லை என்பதற்கு ஒரு சாட்சி, காட்ஸில்லா மைனஸ் ஒன். 2023இல் வந்த ஜப்பானியப் படம். மொத்தச் செலவே ஒன்றரைக் கோடி டாலருக்குள், கிராஃபிக்ஸ் செய்தது சுமார் 35 பேர், 610 ஷாட்டுகள். இயக்குநர் தகாஷி யமசாகியேதான் கிராஃபிக்ஸுக்கும் மேற்பார்வை. இருபது கோடி, முப்பது கோடி டாலர் படங்களைத் தள்ளிவிட்டு ஆஸ்கர் வாங்கிக்கொண்டு போனார்கள். இயக்குநரே பக்கத்தில் உட்கார்ந்து "இது போதும், இது வேண்டாம்" என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறார், கடைசி நிமிடத்தில் மாற்று, திரும்பவும் மாற்று என்கிற இழுபறி இல்லை. காசு மிச்சமானது அங்கேதான் என்பது என் ஊகம்.

அதைவிட முக்கியம், அந்தப் படத்தில் காட்ஸில்லா இல்லாத நேரம்தான் அதிகம். போரில் சாகப் பயந்து திரும்பி வந்த ஒரு விமானி, இடிந்துபோன டோக்கியோவில் ஒரு தகரக் கொட்டகை, யாரோ பெற்ற குழந்தை, அதைத் தூக்கி வந்த ஒரு பெண், மூன்று பேரும் ரத்த உறவு இல்லாமலே ஒரு குடும்பமாகிறார்கள். அப்புறம் அந்த மிருகம் வரும்போது, ஐயோ அந்தக் குழந்தை வீட்டில் தனியாக இருக்கிறதே என்று நமக்குப் பதறுகிறது. நெட்ஃபிளிக்ஸில் சப்டைட்டிலோடு பார்த்தேன், அக்கா பாதியில் வந்து உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

இறந்துபோன நடிகர்களைக் கம்ப்யூட்டரில் நடிக்க வைப்பது பற்றி?

பிடிக்கவில்லை. ஏலியன் ரோமுலஸ் (2024) நல்ல பயமான படம், ரப்பரும் பொம்மையுமாக நிஜமாகச் செய்த ஜந்துக்கள், இளசுகள் சிலர் ஒரு பாழடைந்த விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், பழைய ஏலியன் எதையும் பார்க்காமலே நகத்தைக் கடிக்கலாம். நடுவில், முதல் ஏலியன் படத்தில் ரோபோவாக நடித்து 2020இல் காலமான இயன் ஹோமின் முகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அந்த ரோபோ பாத்திரத்துக்கு வேறு எந்த முகம் வைத்திருந்தாலும் கதை ஒரு இம்மி நகர்ந்திருக்காது.

நம்ம ஊர் படங்களைப் பற்றி வாயே திறப்பதில்லையே?

திறக்கிறேன். கல்கி 2898 ஏடி (2024) பார்த்தேன். புஜ்ஜி என்கிற அந்த மூன்று சக்கர வண்டி கிராஃபிக்ஸ் இல்லை, கோயம்புத்தூரில் செய்த ஆறு டன் நிஜ வண்டி, அதை ஊர் ஊராகக் கூட்டிப் போனதில்தான் எனக்குப் படத்தைவிடச் சுவாரசியம். மூன்று மணி நேரத்தில் முதல் பாதி, உலகத்தை நமக்குச் சுற்றிக் காட்டுவதிலேயே போய்விடுகிறது. அமிதாப் வந்து நின்றதும்தான் படம் நிமிர்கிறது. கமல் வருவதோ சில நிமிடங்கள், மீதி அடுத்த பாகத்தில். ஹோம்வொர்க்கை முன்கூட்டியே கொடுக்கிற புது முறை.

மாவீரன் (2023) எனக்கு உண்மையான சூப்பர்ஹீரோ படம். சக்தி என்று பார்த்தால் மேலேயிருந்து கேட்கிற ஒரு குரல் மட்டும்தான், விஜய் சேதுபதி பேசியிருக்கிறார், இங்கே அது பொருந்தியது. குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம், தொட்டால் சுவர் பெயர்ந்து வருகிறது, கைப்பிடி கையோடு வருகிறது. அந்த வீட்டில் குடியிருக்கிற ஒரு பயந்தாங்கொள்ளி கார்ட்டூனிஸ்டுக்கு உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை எதற்கு, அந்த ஒரு கட்டடம் போதாதா?

அப்புறம் மலையாளத்தில் லோகா, 2025 ஆகஸ்டில் வந்தது. கல்யாணி பிரியதர்ஷன் நாயகி, நம்ம சாண்டி மாஸ்டர் வில்லன். டான்ஸ் ஆடுகிற மனிதர் சும்மா நின்று முறைத்தாலே பயமாக இருக்கிறது. சுமார் 30 கோடியில் எடுத்து 300 கோடியைத் தாண்டியது என்கிறார்கள். கதையின் வேர் கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கம்தான், நமக்கும் பழையனூர் நீலி இருக்கிறாள், "நீலிக் கண்ணீர்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். நூற்றாண்டுகளாக யட்சி என்று பயந்த ஒருத்தியை பெங்களூரில் வாடகை வீட்டில் குடிவைத்து, ராத்திரி ஷிஃப்ட் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதிர் வீட்டுப் பையன் பால்கனியிலிருந்து அவளை எட்டிப் பார்க்கிறான், நாமும் அவனோடு சேர்ந்துதான் எட்டிப் பார்க்கிறோம். அவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே வருகிறவனுக்கு கதவைத் திறந்துவிடுவது இப்படித்தான்.

அயலான்? குழந்தைகளுக்குப் பிடித்தது. அடுத்த கேள்வி.

தொடர்களில் எதைப் பார்க்கலாம்?

ஆண்டோர். ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கிற கதை, நான் ஸ்டார் வார்ஸ் படங்களைப் பாதிகூடப் பார்த்தவன் இல்லை, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. இரண்டு சீசன், 24 எபிசோடு, இரண்டாவது 2025இல் முடிந்தது. முதல் சீசனில் ஒரு சிறை வரும். சங்கிலி கிடையாது, காவலர்களும் அதிகம் இல்லை. கைதிகள் எல்லோரும் வெறுங்காலோடு இருக்க வேண்டும், ஏனென்றால் தரையில்தான் மின்சாரம். ராத்திரி படுக்கையிலிருந்து கால் தொங்கினால் போச்சு. அவ்வளவு எளிமையான ஒரு கொடுமையை எந்த லேசர் கத்தியும் எனக்குக் காட்டியதில்லை. முதல் மூன்று எபிசோடு மெதுவாகத்தான் போகும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே போவீர்களா?

போவேன், பையன் இழுத்துக்கொண்டு போவான். 2026 டிசம்பர் 18 என்று அறிவித்திருக்கிறார்கள், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரையே டாக்டர் டூம் என்கிற வில்லனாகக் கூட்டி வருகிறார்கள். சீரியலில் செத்துப்போன மருமகள் வேறு சேலையில் திரும்பி வருவாளே, அது ஞாபகம் வந்தது. பையன் இப்போதே பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலைக் காலண்டருக்குப் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டான், இரண்டு பத்தியாக. நான் அதில் கேஸ் புக் பண்ணிய தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

படம் முடிந்தபிறகு பெயர்கள் ஓடும்போது உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பையனோடு போனால் வேறு வழியில்லை. சூப்பர்மேன் முடிந்து விளக்கு எரிந்து, பாதிப் பேர் போயாகிவிட்டது. துடைப்பமும் கறுப்புப் பையுமாகச் சுத்தம் செய்கிற அம்மா உள்ளே வந்து, எங்கள் வரிசைக்கு வந்ததும் நின்றார். எழுந்திருக்கவா என்று கேட்டேன், "இருங்க, இன்னொண்ணு வரும்" என்றார், அவருக்கு ஒரு நாளைக்கு நாலு ஷோ. முன் இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு அவரும் திரையைப் பார்த்தார். சூப்பர்மேனும் இன்னொரு ஹீரோவும் ஒரு கட்டடத்தில் இருக்கிற விரிசலைப் பார்த்து நேராக ஒட்டவில்லை, கோணலாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள், அந்த இன்னொரு ஹீரோ கோபித்துக்கொண்டு போய்விட்டார், முடிந்தது. பையன் முகம் தொங்கிவிட்டது, அடுத்த படத்துக்கு ஏதாவது துப்பு கிடைக்கும் என்று இருந்தான். "நான் டெய்லி இதுக்குத்தான் சிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எங்கள் பாப்கார்ன் டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டார்.